மீதிச் சில்லறை

வீட்டை விற்றோம்.
நாயை உன் தங்கை கொண்டுபோனாள்.
இந்த வண்டியை வாங்கத்தான் ஆளில்லை.
இருபத்தாறு அடி நீளம், பதினெட்டு வயது,
தண்ணீர்த் தொட்டி எவ்வளவு என்று காட்டும் முள்
நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.
ஆண்டுக்கு இரண்டு வாரம் அவருக்கு,
இரண்டு வாரம் அவளுக்கு
என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார்.

பிரேக் சரியில்லை, தனியாக ஓட்டாதே என்றாய்.
எனக்குத் தெரியும் என்றேன்.
அந்தப் பேச்சு முடியாமலே
மார்ச் மாதத்தில் இருவரும் ஏறிவிட்டோம், வெர்னன்.

டெக்சாஸின் தென்கோடி.
கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டி எழுபது மைல்.
வளைவுகளில் நம் தட்டுகள் அலமாரிக்குள் பேசிக்கொண்டன,
நாம் பேசவில்லை.
தேசியப் பூங்கா என்றது பலகை.
பூவும் இல்லை, காவும் இல்லை, என்ன பூங்கா என்றேன்.
நீ வண்டியை ஓரம் கட்டி
கைகாட்டினாய்:
ஆளுயர முட்குச்சிகள், இலை பேருக்கு,
நுனியில் மட்டும்
தீக்குச்சி மருந்தளவு சிவப்பு.
சரி, பூ இருக்கிறது.

எட்டு மணிக்கு ஜெனரேட்டர்களை நிறுத்துவது விதி.
ஒவ்வொரு வண்டியாக அடங்கியது.
அடுத்த வண்டிக்காரர் கடைசியாக ஒருமுறை இருமினார்.
நம் குளிர்பெட்டியும் ஓய்ந்தபின்
இத்தனை பெரிய இடத்தில் மிச்சமிருந்தது
உன் குறட்டை.
மூன்று வருடத்தில் அது மாறியிருந்தது.
யாரோ ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.
பரணில் படுத்தபடி
கூரைச் சன்னலில் தெரிந்ததை எண்ண ஆரம்பித்து
கோபத்தில் கணக்கை விட்டேன்.
விடியுமுன் காட்டுப்பன்றிகள் வந்து
மேசைமேல் நான் மறந்த ரொட்டியைப்
பையோடு தின்றுவிட்டுப் போயின.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
முன்பென்றால் சொல்லியிருப்பாய்.

பெயருக்குப் பெரிய ஆறு.
கால்சட்டையை முழங்கால்வரை மடித்தால் வேறு நாடு.
அக்கரைக்கு இக்கரை பச்சை என்று சொல்லவும் வழியில்லை;
நாணல் கோட்டைத் தவிர
இரண்டும் ஒரே காவி.
நம் பக்கத்துப் பாறையில்
செம்புக்கம்பியில் முறுக்கிய தேள்கள்,
ஊறுகாய்ப் புட்டி ஒன்று,
அட்டையில் கோணல் எழுத்து:
எல்பிடியோ. எட்டு டாலர். நன்றி.
காவலுக்கு ஆளில்லை.

உன்னிடம் பத்துதான் இருந்தது.
போட்டுவிட்டு, மீதி யார் கேட்டார்கள் என்றாய்.
நான் உன்னையே பார்த்தேன்.
வாஃபிள் சட்டிக்காக
நாலு கடிதம் எழுதிய மனிதன்.

மறுநாள் காலை அதே பாறையில்
கூழாங்கல்லின் கீழ் இரண்டு ஒற்றை டாலர்.
சுற்றியிருந்த துண்டுத்தாளில்
"நீலக் கோடு போட்ட வண்டி".
அக்கரையில் கழுதைக்குப் பக்கத்தில் ஒருவன்,
கழுத்தில் தொலைநோக்கி.
கையைத் தூக்கினான்.
நாமும் தூக்கினோம்.
நம் கைகள் இடித்துக்கொண்டன.

ரேஞ்சர் ஒடெல் நல்லவர், ஆனால் ரேஞ்சர்.
சட்டப்படி இது கடத்தல் பொருள் அம்மா என்று
டாஷ்போர்டில் இருந்த தேளை உறையிலிட்டு
ரசீது கிழித்தார்: தேள், கம்பி, ஒன்று.
எல்பிடியோவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம்.
அவன் மகளுக்குப் போன மாதம்தான் கல்யாணமாம்,
சாப்பாடு பிரமாதமாம்.
சில்லறையைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நாமும் சொல்லவில்லை.

அது வெயில் தடுப்புப் பலகையில் செருகியபடி இருக்கிறது.
உன் இரண்டு வாரத்தில் நீ எடுக்கவில்லை.
என் இரண்டு வாரத்தில் நானும்.
டீசலுக்கு ஒன்றரை டாலர் குறைந்த அன்றுகூட
பைக்குள் துழாவிக் காசு பொறுக்கினேன்.

தண்ணீர் முள் அதே பாதியில் நிற்கிறது.
இன்று ஒரு முயல் குறுக்கே ஓடியது.
மிதித்தேன்.
வண்டி சட்டென்று நின்றது.

பிரேக்கை மாற்றியிருக்கிறாய்.
சொல்லவே இல்லை.